கட்டாக்காலி நாயை உதவி நாயாகப் பழக்குதல்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நாயில்லாத ஒழுங்கையைக் காண்பது அரிது. போரிலோ வீதி விபத்திலோ நீரிழிவாலோ காலை இழந்த ஒருவர், பிறவியிலேயே காது கேளாத ஒருவர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர் என்று யாராவது இல்லாத ஊரும் இங்கு அரிது. தெருவில் திரியும் நாய் ஒன்றை எடுத்து வளர்த்து, இவர்களுள் ஒருவருக்கு உதவும் நாயாகப் பழக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் எந்த நாயையும் அல்ல. எந்த வேலைக்கும் அல்ல. இந்த முயற்சியில் பழக்குவதைவிடத் தெரிந்தெடுப்பதே பெரிய வேலை என்பது என் உறுதியான கருத்து. சுபாவத்தில் இல்லாத நிதானத்தை எந்தப் பயிற்சியும் ஒரு நாய்க்கு ஊட்டிவிடாது. ஆகவே நாயைத் தெரிவு செய்வதற்கும், தகுதியில்லாத நாயை விலக்குவதற்கும் இங்கே கூடுதலான இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த வேலைக்கு, எந்த வேலைக்கு அல்ல

மாற்றுத்திறனாளி ஒருவருக்குத் தனியாகச் செய்யக் கடினமான ஒரு காரியத்தை அவருக்காகச் செய்வதற்கென்றே பழக்கப்பட்ட நாயைத்தான் உதவி நாய் என்கிறோம். வீட்டில் பாசத்தோடு காலடியில் படுத்திருக்கும் நாயும், படலையில் நின்று குரைக்கும் காவல் நாயும் எவ்வளவு நல்லவையானாலும் இதில் சேரா. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களை முறையாகப் பழக்குவது, முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த படையினருக்காக 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் தொடங்கப்பட்ட பாடசாலையிலிருந்து வளர்ந்தது. காது கேளாதோருக்கு ஒலிகளை உணர்த்தும் நாய்கள் 1970களில் ஐக்கிய அமெரிக்காவில் பழக்கப்படத் தொடங்கின. அவற்றுள் பல, காப்பகங்களிலிருந்து எடுக்கப்பட்ட கலப்பின நாய்கள். நமக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வழி.

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாயை வீட்டில் பழக்க முற்படவே வேண்டாம். வாகனம் வருகிறதா என்று தானாகக் கணித்து, தேவையானபோது தன் எசமானின் கட்டளையையே மறுத்து நிற்கும் நாய் அது. அதற்கெனத் தேர்ச்சி பெற்ற பயிற்றுநர்களும் பல ஆண்டு அனுபவமுள்ள நிறுவனமும் வேண்டும். நடைபாதை இல்லாத, வடிகால் திறந்து கிடக்கும் நமது வீதிகளில் ஒரு தவறு உயிரைக் கொண்டுபோய்விடும்.

உடல் பாரத்தைத் தாங்கும் வேலைக்கும் நமது ஊர் நாய் ஏற்றதல்ல. பெரும்பாலான ஊர் நாய்கள் 20 கிலோவுக்கு உட்பட்டவை. அவற்றின் முதுகில் கையூன்றி எழும்பினால் நாயின் முள்ளந்தண்டு கெடும், எழும்புபவரும் விழுவார். வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே உணரும் ஆற்றல் சில நாய்களிடம் தானாக அமைவதுண்டு. அதை நம்பத்தக்க விதமாகப் பழக்கி எடுக்க முடியாது. வலிப்பு வந்தபின் வீட்டாரை அழைத்து வரவோ, பக்கத்தில் படுத்திருக்கவோ பழக்கலாம்.

மிஞ்சியவை சிறிய வேலைகள்போலத் தோன்றும்: படலைச் சத்தம், குழந்தையின் அழுகை, குக்கர் விசில் ஆகியவற்றை வந்து உணர்த்துதல், விழுந்த ஊன்றுகோலையோ போனையோ எடுத்துத் தருதல், கயிறு கட்டிய கதவை இழுத்துத் திறத்தல், வீட்டின் மறுபக்கத்தில் இருப்பவரை அழைத்து வருதல். இரவில் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருப்பவருக்கு, கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன ஊன்றுகோல் எவ்வளவு பெரிய விடயம் என்பதை அந்த நிலையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

முதற்படி: மனிதரிடமிருந்து தொடங்குங்கள்

நாயைத் தேடிப் போவதற்கு முன், உதவி தேவைப்படுபவரோடு அமர்ந்து பேச வேண்டும். வீட்டாரோடு மட்டும் பேசி முடிவெடுப்பது நம்மிடையே இருக்கும் பழக்கம். இங்கே அது பெரும் பிழையாகும். நாயோடு வாழப்போகிறவர் அவர்தான். நாயை விரும்பாதவருக்கு, நாய்க்குப் பயப்படுகிறவருக்கு, மற்றவர்களின் வற்புறுத்தலுக்காகத் தலையாட்டுகிறவருக்கு நாயைக் கொடுப்பது இருவருக்கும் துன்பம். காது கேளாதவரென்றால் சைகை மொழி அறிந்த ஒருவரை அழைத்து வந்து, அவர் தம் வாயால் சொல்லாததைக் கையால் சொல்ல இடங்கொடுங்கள்.

ஒரு கிழமைக்கு, அவர் எந்தெந்த நேரத்தில் எதற்காகப் பிறரை எதிர்பார்க்க வேண்டியிருந்தது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வரச் சொல்லுங்கள். "எல்லாத்துக்கும் உதவி வேணும்" என்று முதலில் சொன்னவரின் கொப்பியில், கிழமை முடிவில் பெரும்பாலும் நான்கைந்து காரியங்களே திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றுள் நாயால் செய்யக்கூடிய மூன்றைத் தெரிவு செய்யுங்கள். உதவி நாய்களின் தரத்தை வகுக்கும் சர்வதேச அமைப்பான அசிஸ்டன்ஸ் டோக்ஸ் இன்டர்நஷனல், ஒரு நாய் குறைந்தது மூன்று பணிகளையாவது செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. வீட்டுத் தேவைக்கு மூன்று போதும். மணி அடித்ததும் ஒளிரும் மின்விளக்கோ, நீளமான பிடிதடியோ அதே வேலையைச் செய்துவிடும் என்றால் அதையே வாங்கிக் கொடுங்கள். அதற்குச் சோறும் ஊசியும் வேண்டியதில்லை.

பிறகு வீட்டைப் பாருங்கள். நமது வீடுகளில் நாய் வளவில் இருக்கும், விறாந்தையோடு நின்றுவிடும். உதவி நாய் அறைக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. வீட்டில் உள்ள அம்மம்மா அதற்குச் சம்மதிக்கிறாரா, சுவாமி அறைக்கும் குசினிக்கும் எல்லை வைப்பதா, ஆஸ்துமா உள்ளவர் யாரும் இருக்கிறாரா என்பவற்றை முன்னதாகவே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். இது தீராமல் நாய் வந்தால், பழகிய நாய்கூட ஆறே மாதத்தில் மறுபடி முற்றத்துச் சங்கிலிக்குப் போய்விடும்.

இரண்டாம் படி: நாயைத் தெரிந்தெடுத்தல்

இதற்கென்றே இனவிருத்தி செய்து, குட்டியிலிருந்து வளர்க்கப்படும் நாய்களிலேயே ஏறத்தாழ அரைவாசி இறுதியில் தேறுவதில்லை. தெருவிலிருந்து வரும் நாய்களில் தேறுவது இன்னும் குறைவாகவே இருக்கும். பல நாய்களைப் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும். பரிதாபத்துக்காக எடுப்பது நல்ல காரியம், ஆனால் அது வேறு காரியம்.

வயது ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கட்டும். குட்டி என்றால் நம் விருப்பப்படி வளர்க்கலாம் என்று நினைப்போம். நாய்க்குட்டி உலகத்தைப் பயமின்றி ஏற்கும் பருவம் ஏறக்குறைய மூன்றாவது கிழமைக்கும் பதினான்காவது கிழமைக்கும் இடைப்பட்டது; தெருக்குட்டி நம் கைக்கு வரும்போது அதில் பெரும்பகுதி கழிந்திருக்கும், அந்தக் காலத்தில் அதற்கு என்ன நடந்ததென்றும் நமக்குத் தெரியாது. வளர்ந்த நாயிடம் சுபாவம் வெளியே தெரியும். சந்தையடியிலோ பாடசாலை வாசலிலோ வருவோர் போவோரிடம் பயமின்றி வாழ்ந்த நாய், பாதிப் பயிற்சியைத் தெருவிலேயே முடித்துவிட்டது என்று சொல்லலாம்.

சோதனைகளை நாய்க்கு ஓரளவு பழக்கமான, அமைதியான ஓர் இடத்தில், இரண்டு மூன்று வேறு வேறு நாட்களில் செய்யுங்கள். முதலில் நாயின் முன்னால் நின்று, நிலத்திலிருந்து எதையோ எடுப்பதுபோலக் குனியுங்கள். கல்லெறி வாங்கி வளர்ந்த தெருநாய் அந்த அசைவை உடனே அறியும். விலகி ஓடுவது குற்றமல்ல. எவ்வளவு தூரம் ஓடுகிறது, நீங்கள் நிமிர்ந்து பேசாமல் நின்றதும் எவ்வளவு விரைவில் திரும்பி வருகிறது என்பதைக் கவனியுங்கள். பத்தடி விலகி, நின்று திரும்பிப் பார்த்து, அரை நிமிடத்தில் மணந்து பார்க்க வருகிற நாய் நம்பிக்கை தருகிறது. மதில் மூலைக்குள் ஒடுங்கிச் சிறுநீர் கழிக்கிற நாயையும், பல்லைக் காட்டி முன்னே வருகிற நாயையும் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, எவர்சில்வர் மூடி ஒன்றைச் சில அடி தள்ளி நிலத்தில் போடுதல். திடுக்கிடலாம்; திடுக்கிட்டபின் போய் மூடியை மணந்து பார்க்கிறதா என்பதே முக்கியம். ஒலி உணர்த்தும் வேலைக்கு இப்படி ஒலியை நோக்கிப் போகும் நாய்தான் வேண்டும். எடுத்துத் தரும் வேலைக்கு வேறொரு குணம் வேண்டும்: துணிப்பந்தை எறிந்தால் துரத்திப் போய் வாயில் கவ்வுகிறதா, கவ்வியதை உங்கள் பக்கம் கொண்டுவருகிறதா என்று பாருங்கள். எதையும் வாயில் எடுக்க விரும்பாத நாயைப் பழக்குவது மாதக்கணக்கில் இழுபடும்.

பின்பு ஊன்றுகோலுடன் ஒருவர் நடந்து வரட்டும். சக்கர நாற்காலி ஒன்று உருண்டு வரட்டும். தலைக்கவசம் அணிந்த ஆண் ஒருவர் வரட்டும். தடியால் அடிபட்ட நாய்க்கு ஊன்றுகோலும் தடிதான். சிறிய அச்சம் பழக்கத்தால் நீங்கும், கடும் பீதி நீங்குவது அரிது. காதையும் வாலையும் பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். உண்ணும்போது பக்கத்தில் நடந்து, இன்னும் சுவையான ஒன்றைத் தட்டில் போடுங்கள். உறுமுகிற நாய் குழந்தைகளுள்ள வீட்டுக்கு ஆகாது. கோழி, ஆடு, பூனை எதிர்ப்பட்டால் என்ன செய்கிறதென்றும் பார்த்துவிடுங்கள். மனிதரைக் கடித்த வரலாறு உள்ள நாயை, என்ன காரணம் சொன்னாலும், இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: உடல்நலம்

தெரிந்தெடுத்த நாயை உடனே மாற்றுத்திறனாளியின் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். விசர்நாய்க்கடி நோய் உடலில் மாதக்கணக்கில் வெளித்தெரியாமல் இருக்கக்கூடியது. வரலாறு தெரியாத நாய் முதல் சில மாதங்கள் அதைப் பழக்கும் பயிற்றுநரின் வீட்டில், அவர் பொறுப்பில் இருப்பதே பாதுகாப்பு. பயிற்றுநரும் முன்கூட்டியே தடுப்பூசி பெறுவது பற்றி வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். எந்த நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மஞ்சள் அரைத்துப் பூசுவதும் பார்வை பார்ப்பதும் இந்த நோயைத் தடுக்கா. நோய்க்குறி தோன்றியபின் உயிர் தப்புவது ஏறக்குறைய இல்லை.

மிருக வைத்தியர் விசர்நாய்க்கடித் தடுப்பூசியோடு, பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளையும் போடுவார். எலிக்காய்ச்சல் நாயிலிருந்து மனிதருக்கும் தொற்றும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டாம். குடற்புழு மருந்து கொடுத்து, உண்ணிகளை முற்றாக நீக்குங்கள். நமது வெப்பத்தில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம்; திடீரெனச் சோர்வு, முரசு வெளிறுதல், கடும் மஞ்சள் அல்லது கபில நிறச் சிறுநீர் என்பன தெரிந்தால் அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும். ஆணோ பெண்ணோ கருத்தடை செய்துவிடுங்கள். பருவத்துக்கு வந்த பெண்நாயோடு ஒழுங்கையில் நடப்பது எவராலும் முடியாத காரியம். நொண்டுதல், படியேறத் தயங்குதல் இருந்தால் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பின்னரே பயிற்சி. கடைசியாக, உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிந்து, ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காம் படி: வீட்டுக்குப் பழகுதல்

முதல் மூன்று நான்கு கிழமைகளுக்கு எதையும் கற்பிக்க அவசரப்பட வேண்டாம். தெருவில் தன் விருப்பப்படி வாழ்ந்த விலங்குக்குக் கூரையும் சுவரும் மின்விசிறியும் புதியவை. ஒரு மூலையில் சாக்கு விரித்து, அந்த இடத்தில் இருக்கும்போது யாரும் அதைத் தொடக் கூடாது என்ற விதியை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உண்டதும், நித்திரையால் எழும்பியதும் வளவின் ஒரே இடத்துக்குக் கொண்டுபோனால், பெரும்பாலான நாய்கள் வீட்டுக்குள் அசுத்தப்படுத்தாமல் இருக்க விரைவில் பழகிவிடும். சங்கிலியில் நாள் முழுதும் கட்டி வைக்கப்பட்ட நாய் உதவி நாயாகாது.

உணவில் ஒரு எச்சரிக்கை. மிஞ்சிய கறியைச் சோற்றில் பிசைந்து போடுவது நம் வழக்கம். அந்தக் கறியில் உள்ள வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். சோறு, அவித்த மீன் அல்லது கோழி, பூசணி போன்ற மரக்கறி என்று உப்பும் உறைப்பும் இன்றித் தனியே ஆக்கிக் கொடுங்கள். சமைத்த எலும்பு வேண்டாம், அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஐந்தாம் படி: அடிப்படைப் பயிற்சி

பயிற்சியின் அடித்தளம் ஒன்றே: நாய் சரியானதைச் செய்த அந்தக் கணத்தில் ஓர் அடையாளம், அதைத் தொடர்ந்து ஒரு துண்டு உணவு. அடையாளம் "சரி" என்ற ஒரு சொல்லாக இருக்கலாம். காது கேளாதவரின் நாய்க்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டுவதாக இருக்கலாம். உணவு கொண்டைக்கடலை அளவைத் தாண்டக் கூடாது. அவித்த கோழி ஈரல் நல்லது. நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவி அவித்தும் வைத்துக்கொள்ளலாம். மச்சம் சமைக்காத வீடென்றால் தேங்காய்ச் சொட்டையும் சீஸையும் சிறிதாக நறுக்கிக் கொடுக்கலாம். ஒரு முறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பழக்க வேண்டாம். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை போதும். வெயில் நேரத்தைத் தவிருங்கள்.

கட்டளைச் சொற்களை முதலிலேயே எழுதி, குசினிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒருவர் "வா" என்றும் மற்றவர் "இஞ்ச வா" என்றும் சொன்னால் நாய்க்கு அவை இரு வேறு ஒலிகள். "படு", "எடு", "விடு" மூன்றும் ஒரே மாதிரி முடிவதால் நாய் குழம்பும். படுப்பதற்குக் "கிட" என்றும், கவ்வுவதற்கு "எடு" என்றும், கையில் கொடுப்பதற்குத் "தா" என்றும், தொடாமல் விலகுவதற்கு "வேண்டாம்" என்றும் வைத்துக்கொண்டால் ஒலிகள் பிரிந்து நிற்கும். காது கேளாதவருக்கான நாயென்றால் ஒவ்வொன்றுக்கும் கைச்சைகையும் சேர வேண்டும். நாய்கள் சொல்லைவிடச் சைகையை விரைவாகப் பிடித்துக்கொள்கின்றன.

இந்தக் காலத்தில் கற்க வேண்டியவை: பெயர் சொன்னதும் பார்த்தல், வருதல், இருத்தல், பாயில் அசையாமல் கிடத்தல், தொய்ந்த கயிற்றில் பக்கத்தில் நடத்தல், கீழே கிடக்கும் உணவை விட்டு விலகுதல். கடைசியாகச் சொன்னது தெருநாய்க்கு மிகக் கடினம். கண்டதை உண்டுதான் அது இதுவரை உயிர் வாழ்ந்தது. எனவே பொறுமையாக, சாதாரண சோற்றுருண்டையிலிருந்து தொடங்கி மீன்தலை வரை படிப்படியாகக் கூட்டுங்கள்.

அடிக்க வேண்டாம். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை இங்கே மறந்துவிடுங்கள். அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடும், பயத்தை நிறுத்தாது. எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாய் அப்படித்தான் உருவாகிறது. பிள்ளைகள் "சூ" காட்டி மற்ற நாய்களின்மீதோ பூனைமீதோ ஏவிவிடுவதையும் முதல் நாளிலிருந்தே தடுக்க வேண்டும்.

ஆறாம் படி: பணிகளைக் கற்பித்தல்

ஒலியை உணர்த்தும் பணியை எடுத்துக்கொள்வோம். காது கேளாத இளந்தாய் ஒருவர் குசினியில் நிற்கிறார், அறையில் குழந்தை அழுகிறது. நாய் அறையிலிருந்து தாயிடம் போய், முழங்காலை மூக்கால் தொட்டு, அவரைக் குழந்தையிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இது மூன்று துண்டுகளாலான பணி. முதலில் தொடுதலை மட்டும் கற்பியுங்கள்: முழங்காலில் கையை வைத்து, நாய் மூக்கால் இடித்ததும் உணவு. பின் கையை எடுத்துவிட, முழங்காலையே தொடும். அடுத்து, இன்னொருவர் குழந்தையின் அழுகையைப் போனில் பதிந்து, மிகக் குறைந்த ஒலியில் ஒலிக்கச் செய்கிறார். நாய் காதை நிமிர்த்திய உடனே தாய் கையால் அழைத்துத் தொடச் செய்து உணவு கொடுக்கிறார். சில நாட்களில், ஒலி வந்ததும் அழைக்காமலே நாய் ஓடிவரத் தொடங்கும். அந்தக் கட்டத்தில்தான் மூன்றாவது துண்டு: நாய் தொட்டதும் தாய் இரு கைகளையும் விரித்து "எங்கே?" என்ற சைகையைக் காட்ட, உதவியாளர் ஒலி வந்த இடத்தில் நின்று நாயை ஈர்க்க, அங்கே போய்ச் சேர்ந்ததும் கைநிறைய உணவு. தூரத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள்; ஒன்றைக் கூட்டும்போது மற்றதைக் குறையுங்கள்.

ஒரு ஒலி நன்றாகப் பதிந்த பின்பே அடுத்த ஒலி. படலைக் கொக்கியின் ஒலியைப் பழக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும்: ஒழுங்கையில் போகும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் நாய் வந்து தொட்டால், அதற்குப் பரிசு கொடுக்கக் கூடாது. கொக்கி ஒலிக்கு மட்டுமே கொடுங்கள். இல்லாவிட்டால் கிழமை இரண்டுக்குள் அந்தத் தாய் நாயின் தொடுதலைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார். கேட்க முடியாத ஒருவருக்கு, பொய்யாகத் தொடும் நாயால் எந்தப் பயனும் இல்லை.

ஊன்றுகோலை எடுத்துத் தருவதை முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கிக் கற்பிக்க வேண்டும். முதலில் முடிச்சிட்ட தடித்த பருத்திக் கயிற்றை நாயின் வாயில் கொடுத்து, உடனே "தா" என்று கையை நீட்டி வாங்கி உணவு கொடுங்கள். இப்படித் தொடங்கினால், பொருளைக் கையில் சேர்ப்பதில்தான் பரிசு இருக்கிறது என்பது நாய்க்கு முதலிலேயே பதியும். பின் கயிறு மடியில், பிறகு நிலத்தில், பிறகு நாலடி தள்ளி. இதே காலத்தில், ஊன்றுகோலைப் பாயில் கிடத்தி அதைச் சுற்றி உணவைத் தூவி வையுங்கள். தடிக்குப் பயந்த நாய் அதன் மேலாகக் கடந்துபோய் உண்ணும் நாள் வரும்வரை அந்த ஊன்றுகோலை யாரும் அதன் முன்னால் உயர்த்தக் கூடாது. அலுமினியத்தின் தொடுகை நாய்ப் பல்லுக்குப் பிடிக்காது. ஊன்றுகோலின் நடுவில் அதே பருத்திக் கயிற்றைச் சுற்றித் தைத்துவிடுங்கள். சீமெந்து நிலத்தில் உலோகம் உரசும் சத்தம் நாயைத் திடுக்கிடச் செய்து, பல கிழமைகளின் வேலையை ஒரு நொடியில் குலைத்துவிடும். ஆகையால் முதலில் பாயில், பிறகு மணல் முற்றத்தில், கடைசியாகவே வெறுந்தரையில். பாரமான மர ஊன்றுகோலைத் தூக்கச் சொல்ல வேண்டாம், ஒரு முனையைக் கவ்வி இழுத்து வந்தால் போதும்.

கதவு திறத்தல் இதைவிட எளிது: பிடியில் கட்டிய துணியை இழுக்கும் விளையாட்டுத்தான் அது.

ஏழாம் படி: வெளியே செல்லுதல்

வெளியே கொண்டுபோகும் தேவை எல்லாருக்கும் இல்லை. வீட்டுக்குள் மட்டும் உதவும் நாயும் முழுமையான உதவி நாய்தான். தேவை இருந்தால், முதல் தடை வாகனமோ மனிதரோ அல்ல, ஒழுங்கையில் எல்லை பிடித்திருக்கும் மற்ற நாய்களே. கயிற்றில் வரும் நாயை அவை கூட்டமாகச் சூழும். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ இருப்பவரால் அப்போது எதுவும் செய்ய இயலாது. பயிற்சிக் காலத்தில் இரண்டாவது ஆள் முன்னே நடக்க வேண்டும். அந்த நாய்களுக்கு உணவு போடும் அயலவர்களோடு பேசி, அவற்றுக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் கிடைக்கச் செய்வது நீண்டகாலத் தீர்வு. ஓர் இடத்து நாய்களில் 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் விசர்நாய்க்கடி நோயின் பரவல் அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. எனவே இதனால் ஊரும் பயனடையும்.

அதிகாலையில் தொடங்குங்கள். தார் வீதியில் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே வேகும். முதலில் அமைதியான ஒழுங்கை, பிறகு திருநெல்வேலிச் சந்தைக்கு எதிர்ப்புறமாகத் தள்ளி நிற்றல், பிறகு புகையிரத நிலையத்தின் ஓரம், மிகக் கடைசியாக யாழ் பேருந்து நிலையம் என்று சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பயிற்சிக்கென்று அந்தப் பக்கம் போக வேண்டாம். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் வெடி கொளுத்தும் இரவில் நாயை உள்ளறையில், வானொலியை ஒலிக்கவிட்டு வைத்திருங்கள். உதவி நாய்களை வைத்திருப்போரின் சர்வதேசச் சங்கம் ஆறு மாதத்துக்குக் குறையாத காலத்தில் ஆகக் குறைந்தது 120 மணிநேரப் பயிற்சியும், அதில் 30 மணிநேரம் பொது இடத்திலும் நடக்க வேண்டும் என்கிறது. தெருவிலிருந்து வந்த நாய்க்கு ஒன்றரை ஆண்டு என்று கணக்கிட்டால் ஏமாற்றம் இராது.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளை வேறுபடுத்தி நடத்துவதைத் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் நாடு 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனாலும் மினிபஸ் மிதிபலகையில் நின்று சட்டம் பேசிப் பயனில்லை. போகவேண்டிய வங்கி, பாடசாலை, வைத்தியசாலை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே எழுதி, ஊசி அட்டையின் பிரதியையும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரின் கடிதத்தையும் இணைத்து அனுமதி பெறுங்கள். நாய்க்குத் தெளிவான நிறத்தில் ஒரு மேலங்கியும், அதில் "உதவி நாய், தொடாதீர்கள்" என்று தமிழில் பெரிய எழுத்தும் இருக்கட்டும். கோயிலுக்குள் கொண்டுபோகும் எண்ணம் வேண்டாம். வைரவரின் வாகனமே ஆனாலும் வீதியில், நிழலில், தெரிந்த ஒருவருடன் காத்திருக்கப் பழக்குங்கள்.

எட்டாம் படி: கையளித்தல்

நாய் பயிற்றுநருக்குக் கீழ்ப்படிவதும் தன் புதிய துணைவருக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றல்ல. கையளிப்பதற்குப் பல கிழமைகளுக்கு முன்பிருந்தே அவர் தினமும் வந்து, உணவும் பரிசும் தம் கையாலேயே கொடுக்க வேண்டும். பயிற்றுநர் மெல்லப் பின்வாங்கி, கடைசியில் நாயைத் தடவுவதைக்கூடக் குறைத்துக்கொள்ள வேண்டும். கை நடுக்கம் உள்ளவருக்கு இடுப்புப் பையிலிருந்து உணவு எடுப்பது கடினம். மடியில் ஒரு கிண்ணம் வைத்துக் கொடுங்கள். பேச்சுத் தெளிவில்லாதவர் சொல்லும் "எடு" எப்படி ஒலிக்கிறதோ அந்த ஒலியிலேயே நாய் பழக வேண்டும். வேலைக்குத் தயார் என்று சொல்ல, பத்துத் தடவை கேட்டால் ஒன்பது தடவை முதற் சொல்லிலேயே செய்ய வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். வீட்டிலும், போகும் இடங்களிலும், அவருடைய சொல்லுக்கே அப்படிச் செய்கிறதா என்று சோதியுங்கள்.

இடையில் எந்தக் கட்டத்திலும் நாய் பயத்தாலோ விருப்பமின்மையாலோ நின்றுவிட்டால், நிறுத்துங்கள். வாலைக் கவட்டுக்குள் செருகி, உதட்டை நக்கி, கொட்டாவி விட்டபடி வேலை செய்யும் நாய் மகிழ்ச்சியாக இல்லை. அதற்கு ஒரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுத்துவிட்டு அடுத்த நாயைப் பாருங்கள். தேறாத நாய்க்கு வீடு பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு. திரும்பத் தெருவில் விடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

கையளித்தபின்

முதல் ஆறு மாதங்கள் மாதம் ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையும் பயிற்றுநர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அநேகமான வீடுகளில் பரிசு கொடுப்பது நின்றுபோயிருக்கும்; அதனால் பணியும் தளர்ந்திருக்கும். சம்பளமில்லாமல் எவரும் வேலை செய்வதில்லை என்று சொல்லி மறுபடி தொடங்கச் செய்யுங்கள். ஆண்டுதோறும் விசர்நாய்க்கடித் தடுப்பூசி, உண்ணி மருந்து, உணவு, எதிர்பாராத வைத்தியச் செலவு ஆகியவற்றை யார் ஏற்பார்கள் என்பது ஆரம்பத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவர் பொறுப்பேற்றால், அவர் அனுப்ப முடியாத மாதத்துக்கு மாற்று வழியும் வேண்டும்.

எட்டு, ஒன்பது வயதில் நாயின் பார்வையும் செவியும் மூட்டும் தளரத் தொடங்கும். ஏழு வயதிலேயே அடுத்த நாயைத் தேடத் தொடங்கினால்தான் இடைவெளியின்றி உதவி கிடைக்கும். ஓய்வு பெற்ற நாய் அதே வீட்டில் இருக்கலாம். புதிய நாய் ஒலி உணர்த்தும்போது பழைய நாயும் எழும்பி ஓட முற்படும்; அதன் பாயை வேறு அறைக்கு மாற்றி, காலையில் ஒருமுறை மட்டும் அதற்குத் தெரிந்த ஒரு சிறு வேலையைக் கொடுத்து, அதற்கும் பரிசு கொடுங்கள்.